புதுச் செவப்பனின் பற்கள்

என் அம்மாவின் ஆள்காட்டி விரலுக்கு ஒரு ருசி இருந்தது. வறுத்து இடித்த புகையிலையின் காரம் முதலில் நாக்கில் ஏறும். அதன் பின்னால் கருவாட்டின் உப்பு வரும். கடைசியில், அவள் அப்போதுதான் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்த சட்டியின் கரி மெல்லக் கசக்கும். காலையில் கண் விழித்ததும் என் தாடையை இடது கையால் பிடித்து, மாட்டுக்கு மருந்து புகட்டுகிறவளைப் போல வாயைத் திறக்கவைத்து, அந்த விரலைக் கடைவாய் வரைக்கும் ஓட்டி எடுப்பாள். தலை சுற்றும், வயிறு புரளும், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கும். "துப்பாதல, ஊறட்டும். ஈறு இறுகணும்லா?" என்பாள். மற்றவர்கள் எல்லாரும் தாயின் கைச்சோற்றை நினைத்து உருகி உருகி எழுதுகிறார்கள். எனக்கு வாய்த்தது இந்த விரல்தான். எழுத உட்கார்ந்தால் சோறு வருவதில்லை, விரல்தான் வருகிறது.

அந்த விரல் என் வாய்க்குள் வந்து சேர்ந்ததற்கு ஒரு தேங்காய்ச் சில்லு காரணம். அதைச் சொல்ல வேண்டுமானால் என் அப்பாவின் வாயிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். முத்து என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கண் விரியும், ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே முத்துச்சிப்பிகள் எங்கள் கடலோடு கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்டிருந்தன. மிஞ்சியது சங்கு. ஐப்பசி மழை ஓய்ந்து, ஆற்றுத் தண்ணீர் கலந்த கலங்கல் அடங்கி, கடலின் அடி தெரிய ஆரம்பித்ததும் வள்ளங்கள் இறங்கும். அப்பா கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போவார். மேலே வள்ளத்தில் அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் தாய்மாமன் லாசர் நிற்பார். கயிறு பிடிக்கிறவன் மச்சினனாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்பமாட்டார்கள். மச்சினன் என்றால், கீழே இருப்பவன் செத்தால் தன்னுடைய அக்காதான் தாலி அறுப்பாள் என்ற நினைப்பில் கொஞ்சம் கவனமாக இழுப்பான் என்பது கணக்கு. குடும்பப் பாசத்தை இவ்வளவு துல்லியமாக எடைபோட்ட ஊர் வேறு எங்காவது இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

குளிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான் உண்டு. சுறா. பழைய காலத்து முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே "கடல்கட்டி" என்று ஒரு மந்திரக்காரர் இருந்தாராம். அவர் கரையில் உட்கார்ந்து முணுமுணுத்தால் போதும், நடுக்கடலில் சுறாவுக்குத் தாடை பூட்டிக்கொள்ளுமாம். சங்கு குளிக்கிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. சுறாவின் வாயைக் கட்ட ஆள் இல்லாததால் அவர்கள் மனிதர்களின் வாயைப் பரிசோதித்தார்கள்.

பரிசோதனை இப்படி. வள்ளம் இறங்குகிற முதல் நாள் காலையில் மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்லுவார். அவர் கோயிலுக்குத் திரும்பிப் போகும்வரை ஒரு சாக்குமூட்டை வாய் கட்டிய நிலையில் ஓரமாகக் கிடக்கும். வேதத்தில் இல்லாத காரியம் அதற்குள் இருந்ததால் அவரும் அதைப் பார்க்காத மாதிரியே போவார். பிறகு மூட்டையை அவிழ்த்துத் தேங்காய் உடைப்பார்கள். குளிக்கிறவர் ஒவ்வொருவரும் கடல் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, தண்டல் முன்னால் வந்து நின்று, ஒரு சில்லை முன்பல்லால் அழுத்திக் கடித்து எடுக்க வேண்டும். தண்டல் என்றால் வள்ளத்துத் தலைவர். கடித்த சில்லைக் கயிறு பிடிக்கிற மச்சினன் கையில் வாங்கி, வெயிலில் திருப்பிப் பார்த்து, சத்தமாகச் சொல்ல வேண்டும்: "வெள்ள" அல்லது "செவப்பு". வெள்ளை என்றால் வள்ளத்தில் ஏறலாம். சிவப்பு என்றால் ஈறிலிருந்து ரத்தம் கசிகிறது. அந்த ரத்தம் தண்ணீரில் கரைந்தால் சுறா மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். வந்தால் அது கசிந்தவனை மட்டும் பார்த்துத் தின்னாது. ஆகவே அவன் இறங்க வேண்டியதுதான். அந்த ஆண்டுக்கு மட்டுமல்ல.

குளித்துவிட்டு மேலே வருகிற பாதிப் பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வடியும் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அதை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. அது தொழில் ரத்தம். ஈறில் வருவதுதான் ஆகாத ரத்தம்.

எங்கள் தெருவில் ஏற்கெனவே ஒருவர் அப்படி இறக்கப்பட்டிருந்தார். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்ன என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும். ஊருக்கு அவர் "செவப்பன்". அவர் வீடு செவப்பன் வீடு, அவர் மனைவி செவப்பன் பெண்டாட்டி. அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்கவில்லை. அந்த வீட்டு ஆடு எங்கள் பக்கம் வந்தால்கூட "செவப்பன் ஆடு" என்று கல் எறிவோம். அந்த ஆடு கறுப்பு.

இனி அப்பாவின் வாய். யுத்தம் முடிந்த சமயம் அது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் ஒருநாள் அப்பா அவித்த பனங்கிழங்கைக் கடித்துக் கீழே வைத்தார். நாரோரத்தில் சிவப்பாக ஒரு கோடு. அம்மா அதைப் பார்த்தாள், அப்பா அவள் பார்த்ததைப் பார்த்தார், கிழங்கை எடுத்து அடுப்பில் போட்டார்.

அதற்கு முன்னாலேயே அறிகுறிகள் இருக்கத்தான் செய்தன. ஈறு வீங்கிக் கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. கீழ்வரிசையில் ஒரு பல் நாக்கு பட்டால் ஆடியது. வாய் நாறியது. கூட்டாளிகள் அதை அன்போடு சுட்டிக்காட்டி வந்தார்கள். "சூச வாயத் தொறந்தாம்னா சுறா மயங்கி விழுந்துரும்வே, பெறவு கடல்கட்டி எதுக்கு?" என்று தண்டலே ஒருமுறை அப்பாவைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்ய, வள்ளம் முழுக்கச் சிரித்ததாம். அப்பாவும் சிரித்தாராம், வாயை மூடிக்கொண்டு.

எங்கள் ஆட்களுக்கு ஈறு வைத்தியம் என்று தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தொடாதே. புண் பட்ட காலை ஊன்றாமல் வைத்துக்கொள்வது போல ரத்தம் வருகிற ஈறுக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று நம்பினார்கள். நல்ல நாளிலேயே செங்கற்பொடியும் அடுப்புக்கரியும் போட்டுப் பாத்திரம் விளக்குவதுபோல் பல்லை மட்டும் விளக்குகிறவர்கள். ரத்தம் கண்டால் அதையும் விட்டுவிடுவார்கள். அப்பாவும் விட்டார். விட விட அழுக்கு சேர்ந்தது, அழுக்கு சேரச் சேர ஈறு வீங்கியது, வீங்க வீங்க ரத்தம் வந்தது, ரத்தம் வந்ததால் இன்னும் பயபக்தியோடு விட்டார். இந்தச் சக்கரத்தில் சிக்கித்தான் ஊரில் நாற்பதைத் தாண்டிய எல்லாருமே ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அதை வயசு என்று சொன்னார்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே நாசரேத்து ஊர்க்காரரான ஒரு டாக்டர் இருந்தார். பட்டாளத்தில் சிப்பாய்களின் வாயைச் சுரண்டிப் பழகி வந்தவர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, நோயாளிகள் மீது சுத்தமான வெறுப்பு. அம்மாவின் தொல்லை தாங்காமல் அப்பா அவரிடம் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்கு வந்தது எனக்காகத்தான் என்று வழியில் பார்த்தவர்களிடம் சொல்ல ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. "சின்னவனுக்கு வயித்துப் போக்கு" என்று அவர் சொன்னதை நான் முகத்தைச் சுளித்து ஆமோதித்துக்கொண்டே போனேன். என்னுடைய நடிப்புத் திறமை அதற்குப் பிறகு வளரவில்லை.

டாக்டர் அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி, எட்டிப் பார்த்து, உடனே ஜன்னலையும் திறந்துவிட்டு வந்தார்.

"சங்கு எடுக்கியா?"

"ஆமாங்கய்யா."

"கடலுக்குப் போவானேன்? வாய்க்குள்ளேயே சிப்பி வளத்து வச்சிருக்கியே. எம்புட்டு வருசமாச்சு இதக் கழுவி?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாத. நாறுது."

டாக்டர் சொன்னது பொய்யில்லை. பல்லின் அடியில், ஈறு வந்து சேருகிற இடம் முழுக்க, பாறையில் ஒட்டிய சிப்பி போலக் காரை இறுகிப் போயிருந்தது. அது இருக்கும்வரை ஈறு பல்லைப் பிடிக்காது, விலகிக்கொண்டே போகும், கடைசியில் பல் தானாகக் கழன்று கையில் வரும் என்றார். பிறகு ஓர் இரும்புக் கம்பியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். வள்ளத்தின் அடிப்பாகத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டுவார்களே, அதே சத்தம். மரப்பு ஊசி கிசி எதுவும் கிடையாது. கடலடியில் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கப் பழகிய மனுஷன், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே இருந்தார். ரத்தம் தாடையில் வழிந்து கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தில் சொட்டியது.

முடிந்ததும் டாக்டர் கட்டளைகள் பிறப்பித்தார். வேப்பங்குச்சியின் நுனியைப் பஞ்சாக மென்று, பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் காலையிலும் ராத்திரியிலும் மெல்ல மெல்லத் தேய்க்க வேண்டும். ரத்தம் வந்தாலும் நிறுத்தக் கூடாது. ரத்தம் வருவதால்தான் தேய்க்க வேண்டும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். சுருட்டும் வாயில் ஒதுக்குகிற புகையிலையும் அன்றோடு சரி.

"போயில இல்லாம எப்பிடிங்கய்யா? கடலுக்குப் போற மனுசன்..."

"பல்லு இல்லாம எப்பிடி இருப்பியோ அப்பிடி இரு. போ, அடுத்த ஆள வரச் சொல்லு."

வெளியே வந்த அப்பா, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வேலிக் கருவையின் அடியில் குனிந்து வாயிலிருந்ததை எல்லாம் துப்பினார். மண் சிவந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே, கட்டை வண்டியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு, எங்கள் தண்டலுடைய சித்தப்பன் மகன். மாட்டைக்கூட அதட்டாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் தெருவுக்குச் செய்தி வந்து உட்கார்ந்திருந்தது.

"என்ன சூச, பிள்ளைக்கு வயித்துப்போக்குன்னா ஒனக்கு வாயில போவுதாமே?" என்று ஒரு குரல்.

"பழைய செவப்பனுக்குத் தொணைக்கு ஆளு வேணும்லா?" என்று இன்னொன்று.

அன்று ராத்திரியே அப்பா வேப்பங்குச்சியை மென்றார். வள்ளம் இறங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் அப்பாவின் ஈறைத் தவிர வேறு பேச்சே இல்லை. விடிந்ததும் அம்மா அவரை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து உதட்டைத் தூக்கிப் பார்ப்பாள். நானும் எட்டிப் பார்ப்பேன். வீக்கம் வடிந்தது. கருஞ்சிவப்பு மாறி ரோஜா நிறம் வந்தது. ஆடிய பல் நின்றது. அப்பா அதை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்து, "பாரு, அசையல பாரு" என்று என்னிடம் காட்டினார். நாற்றம் போயே போய்விட்டது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவரோடு பேசியதை முதன்முதலில் அந்த மாதத்தில்தான் பார்த்தேன். எங்கள் வீட்டில் சந்தோஷம் என்பது இப்படி, பல்லிடுக்கு வழியாகத்தான் உள்ளே வந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் முழுசாகப் போகவில்லை. குச்சியின் பஞ்சில் எப்போதாவது, ஓரத்தில், சிவப்பு.

லாசர் மாமா வந்து பார்த்துவிட்டு யோசனை சொன்னார். "மச்சான், அந்த நாசரேத்தான் சொல்லுதத விடுங்க. போயில இருந்தவரைக்கும் இம்புட்டு சிவப்பு இல்ல பாத்துக்கிடுங்க. முந்துன நாளே ரெண்டு கன்னத்துலயும் போயிலய ஒதுக்கிட்டு வாங்க. ஈறு கப்புன்னு இறுகிரும். நாங்கள்லாம் என்ன செய்தோம்?"

அம்மாவும் சொன்னாள். முதல் நாள் சாயங்காலம் ஒரு துண்டுப் புகையிலையை வெற்றிலையில் மடித்து நீட்டவும் செய்தாள். "இன்னைக்கு ஒரு நாளு போடுங்க. நாளைக்கு வள்ளத்துல ஏறின பெறவு விட்டுருங்க."

அப்பா வாங்கவில்லை. "ஏளா, நின்ன பல்லு மறுபடி ஆடுமுளா" என்றார். எனக்கு அவர் பேச்சில் இன்றைக்கும் ஆச்சரியம் தருவது அந்த வரிதான். தொழில், பெயர், பிள்ளைகளின் கல்யாணம் எல்லாம் மறுநாள் காலையில் ஒரு தேங்காய்ச் சில்லில் தொங்கிக்கொண்டிருக்க, அந்த மனுஷன் ஒரு பல்லுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் கடற்கரை. சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். சாக்கு அவிழ்ந்தது. ஒவ்வொருவராக வந்து கடித்தார்கள். அவர்கள் வாய்களை இன்று நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது: கறைபிடித்த பல், இடையிடையே ஓட்டை, பல்லின் வேர் தெரிகிற அளவுக்குச் சுருங்கிப்போன, சாம்பல் பூசியது போன்ற ஈறு. முந்திய நாள் முழுக்கப் புகையிலையை ஒதுக்கி வைத்திருந்த வாய்கள். கடித்த சில்லுகள் ஒவ்வொன்றும் அப்பளம் போல் வெள்ளை. "வெள்ள." "வெள்ள." "வெள்ள." மச்சினன்மார் குரல்கள் கோயில் பிரார்த்தனை போல ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

அப்பா வந்தார். தண்டல் சில்லை நீட்டிக்கொண்டே, "பாத்துக் கடிடே, இது சிப்பாயி பல்லுலா" என்றார். சிரித்தார்கள். அப்பா நன்றாக அழுத்தி, சத்தம் கேட்கும்படி கடித்தார். அந்த வரிசையில் நின்ற யாரும் அப்படிக் கடித்திருக்க முடியாது. அவர்களுக்குப் பல் அதற்கு இடம் கொடுக்காது. கடித்துவிட்டு, மிச்சத்தை லாசர் மாமாவிடம் கொடுத்துவிட்டு, அப்பா வாயில் இருந்ததை மென்று தின்றார். அவ்வளவு நம்பிக்கை.

மாமா சில்லைத் திருப்பினார். நான் அவருக்கு இடுப்பு உயரத்தில் நின்றதால் எனக்கும் தெரிந்தது. வெள்ளைச் சதையில் பல் பதிந்த வளைவு, அந்த வளைவின் ஓரத்தில் நூல் போல, தையல் நூலின் பிசிறு போல, ஒரு சிவப்பு. மாமாவின் கட்டைவிரல் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. கொஞ்சம் நகர்த்தியிருந்தால் போதும். அவர் தலையைத் தூக்கிக் கூட்டத்தில் அம்மாவைத் தேடினார். கண்டுபிடித்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செவப்பு" என்றார் மாமா.

கடற்கரையில் சிரிப்பு நின்றது. அதுதான் கொடுமை, சிரித்திருந்தாலாவது சண்டை போடலாம். தண்டல் மிக மரியாதையாக, "சூச, கல்ல எறக்கிரு" என்றார். அப்பா வள்ளத்தில் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த தன்னுடைய குளிகல்லைத் தானே தூக்கிக் கீழே வைத்தார். அந்த இடத்துக்கு, வரிசையின் கடைசியில் நின்ற ஓர் இளவட்டத்தைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு மச்சினன் கிடையாது, கல்யாணமே ஆகவில்லை. கயிறு பிடிக்க ஆள் வேண்டும். லாசர் மாமா கையில் கயிறு இருந்தது. மாமா வள்ளத்தில் ஏறினார்.

நாங்கள் வீட்டுக்கு வந்ததும் பையன்கள் வாசலுக்கு வெளியே ஒரு தடவை கத்திவிட்டுப் போனார்கள். ஏற்கெனவே ஒரு செவப்பன் இருந்ததால் குழப்பம் வராமல் இருக்க அப்பாவுக்குப் "புதுச் செவப்பன்" என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய செவப்பன் செத்துப் புதைத்த பிறகும், அப்பா கிழவராகித் தடி ஊன்றி நடந்தபோதும், அவர் புதுச் செவப்பனாகவே இருந்தார். ஊர் அவருக்குக் கொடுத்த ஒரே புதுமை அது.

சாயங்காலம் கடலிலிருந்து திரும்பிய மாமா வீட்டுக்கு வந்தார். வாசற்படியிலேயே அம்மா மறித்தாள்.

"ஒரு வெள்ளன்னு சொல்லியிருந்தா ஒன் நாக்கு அழுவியா போயிருக்கும்?"

"அக்கா, சுறா புடிச்சா நீதான் தாலி அறுக்கணும். ஒன்ன நெனச்சுத்தான் சொன்னேன்."

"அறுத்துட்டுப் போறேன். அது எந்தாலி. ஒன்ன எவன் கேட்டான்?"

அக்காளும் தம்பியும் அதன் பிறகு எத்தனையோ சாவு வீடுகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், பேசவில்லை.

அப்பா மட்டும் டாக்டரிடம் போனார். சண்டைக்குத்தான் போனார் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை எனக்கு வயிற்றுப்போக்கு தேவைப்படவில்லை. நடந்ததை அப்பா சொல்லச் சொல்ல டாக்டர் அவருடைய உதட்டைத் தூக்கி ஈறைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஆயிருக்கே" என்றார்.

"அய்யா, எந்தொழிலு போச்சு."

"எனக்குப் பல்லுதான் தெரியும். படகு தெரியாது. குச்சிய விட்டுராத, போ."

அப்பா உப்பளத்துக்குப் போனார். கடலுக்குள்ளே இறங்கிக்கொண்டிருந்தவர், காயப்போட்ட கடலை வாருகிற வேலைக்கு. உப்பின் வெள்ளையில் கண் கூசிச் சுருங்கியது, பாதம் வெடித்தது. வெடிப்பில் உப்பு ஏறுகிற வலிக்கு முன்னால் டாக்டரின் கம்பி ஒன்றுமே இல்லை என்று ஒருநாள் சொன்னார். அந்தப் பருவம் முழுக்க எங்கள் வள்ளத்து ஆள் எவனையும் எந்தச் சுறாவும் எட்டிப்பார்க்கவில்லை. அதைத் தேங்காய்ச் சில்லின் மகிமை என்றார்கள்.

ஊர் இந்தச் சம்பவத்திலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. கண்ணால் பார்த்த சாட்சி அல்லவா? புகையிலை போட்டவன் சில்லெல்லாம் வெள்ளை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்து வேப்பங்குச்சியில் தேய்த்தவன் சில்லு சிவப்பு. ஆகவே ஈறுக்கு மருந்து புகையிலை. அது வரைக்கும் பெரியவர்களின் சுகமாக இருந்தது, அந்த ஆண்டு முதல் பிள்ளைகளின் பற்பொடியாக இறங்கி வந்தது. அப்படித்தான் அம்மாவின் விரல் என் வாய்க்குள் நுழைந்தது.

அப்பா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "அவனுக்கு எதுக்குளா அது?"

"ஒங்க வழியில போனா உப்பளம். என் வழியில போனா கடலு" என்றாள் அம்மா.

அவர் குச்சியை மென்றுகொண்டு வேலிப்பக்கம் போய்விட்டார். காலை தோறும் எங்கள் வீட்டில் இரண்டு வைத்தியம் நடந்தது: வேலியோரம் அவர் மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டிருப்பார், வாசலில் நான் புகையிலையை ஊறவைத்துக்கொண்டு தலைசுற்றி நிற்பேன். நான் கடலுக்கும் போகவில்லை, உப்பளத்துக்கும் போகவில்லை. இரண்டுக்கும் லாயக்கில்லாமல் புத்தகம் படித்து ஒரு நாற்காலியைப் பிடித்தேன். ஆனால் அம்மாவின் பொடியை மட்டும் விடவில்லை. பொடி போய்ச் சுருட்டு வந்தது, சுருட்டு போய் மடித்த புகையிலை வந்தது. ஒரு பெருமையும் கூடவே வந்தது: என் ஈறில் ஒரு சொட்டு ரத்தம் யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் கொய்யாப்பழம் கொடுத்தார்கள்; கடித்த இடத்தைப் பெண்ணின் அப்பாவுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன்.

அப்பா இறந்தபோது வாயைக் கட்டுவதற்கு வந்தவர் ஒரு நிமிஷம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு பல் குறையவில்லை. உப்பளத்து வெயிலில் கருவாடாகிப்போன அந்த முகத்தில், வரிசை முழுசாக, இளவட்டத்துப் பல். தண்டல் வந்திருந்தார், பொக்கை வாய். லாசர் மாமா வந்திருந்தார். கயிற்று முடிச்சைப் பல்லால் இறுக்கியபோது முடிச்சோடு பல்லும் வந்த நாளிலிருந்து, அவருக்கு ஒவ்வொன்றாக, ரத்தமே இல்லாமல், மரியாதையாகக் கழன்று விழுந்திருந்தன. இரண்டு பேரும் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "குடுத்து வச்ச பல்லு" என்றார் தண்டல். மனுஷனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. போன மாதம், முறுக்கு தின்றுகொண்டிருந்தபோது, முறுக்கைவிடக் கடினமாக ஒன்று வாயில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் என் பல். வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. பல் டாக்டரிடம் போனேன். டாக்டர் என் மகள் வயதுப் பெண். மரத்துப்போக ஊசி, குளிர்ந்த அறை, முகத்துக்கு மேலே விளக்கு என்று எல்லா வசதியும் இருந்தது. அவள் பார்த்துவிட்டு, முக்கால்வாசிப் பல்லும் வேரோடு ஆடுகிறது, எடுக்கத்தான் வேண்டும் என்றாள்.

"ரத்தமே வந்ததில்லையேம்மா?" என்றேன், கொஞ்சம் கோபமாக.

"அதனாலதான் தெரியாமப் போச்சு சார். புகையில ஈறுல ரத்த ஓட்டத்தச் சுருக்கிரும். உள்ள அழுகிக்கிட்டே இருக்கும், வெளிய ரத்தம் வராது. நல்லா இருக்குன்னு நெனச்சுக்குவாங்க. விட்டுட்டுச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சா கொஞ்ச நாளைக்கு ரத்தம் கூடுதலாக்கூடத் தெரியும். ஈறுக்கு உயிர் வருதுன்னு அர்த்தம். பெறகு நின்னுரும்."

எனக்கு வாயை மூடத் தோன்றவில்லை. எப்படியும் மூட முடியாதபடி ஏதோ கருவி வைத்திருந்தாள்.

மறுநாள் பஸ் ஏறித் தருவைகுளம் போனேன். லாசர் மாமா அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். வழியில் கடற்கரையில் சங்கு குளிக்கிற பையன்கள் நின்றார்கள். கல்லும் இல்லை, மச்சினனும் இல்லை. காற்றுக்குழாயின் ரப்பரைப் பல்லால் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். இன்று பல் உறுதியாக இல்லாதவன் மூச்சு விட முடியாது. அப்பா கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டார். தண்டல் போய்விட்டார், அந்த வள்ளத்தை விறகுக்கு உடைத்தாகிவிட்டது, கடற்கரையில் யாரும் தேங்காய்ச் சில்லைக் கடிப்பதில்லை.

மாமா டீயில் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். காது கேட்கவில்லை, சத்தம் போட்டு மறுபடியும் சொன்னேன். ரொட்டி டீயில் ஊறிக் கரைகிற வரைக்கும் அசையாமல் இருந்தார்.

"அப்பம், அது நல்ல ரத்தமால?"

"ஆமா மாமா. நல்ல ரத்தம்."

"அந்தப் பொம்பள டாக்டரு கடலுக்குப் போயிருக்காளா?"

"இல்ல மாமா."

"சுறாவுக்கு நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் தெரியுமால?"

அவர் என்னைக் கிட்டே வரச்சொல்லி, கையால் உதட்டைத் தூக்கி, வாயை முழுக்கத் திறந்து காட்டினார். வெளுத்து, வழவழப்பாக, கழுவிக் கவிழ்த்த சங்கின் உள்பக்கம் போல இருந்தது.

"பாரு. செவப்பு இருக்கா?"

"இல்ல மாமா."

திருப்தியாக வாயை மூடிக்கொண்டு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். "ஏளா, புதுச் செவப்பன் மவன் வந்திருக்கான். ரொட்டிய நனைச்சே குடு. அவனுக்கும் பல்லு போச்சு."

நனைத்தே கொடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, அதிகம் அசைபோடாமல், வெள்ளையாகத் தின்றோம்.